கரைப் பக்கத் திருப்பம்

என் அக்கா வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த மாடிக் கட்டடம் ஒன்றின் எட்டாம் தட்டில் இருக்கிறாள். அவளுடைய பல்கணியில் ஒரு பிரம்புக் கதிரை, ஒரு துளசிச் சாடி, ஒரு பைனாகுலர். மெல்பேர்னில் இருக்கும் மகன் பறவை பார்ப்பதற்கென்று அந்தப் பைனாகுலரை வாங்கிக் கொடுத்தான். அந்தப் பக்கம் காகத்தைத் தவிர வேறு பறவை வந்து நான் கண்டதில்லை. காகத்தைப் பார்க்கப் பைனாகுலர் எதற்கு? அது கதிரையின் கையிலேயே வந்து குந்தும். அக்கா பார்ப்பது சனத்தை. யார் யாரோடு நடக்கிறார்கள், யார் உடம்பு வைத்துவிட்டார்கள், யாருடைய மருமகள் மாமியாருக்கு முன்னால் பத்தடி தள்ளி நடக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடலோர வீட்டுக்கு இங்கே கொடுக்கிற விலையில் பாதி கடலுக்கு, மற்றப் பாதி இந்த வேடிக்கைக்கு.

கடைசி இரண்டு வருடங்களாக அவள் அதிகம் பார்த்தது என்னைத்தான்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு விங் ஃபொயிலிங் பைத்தியம் பிடித்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் நிற்கக்கூடிய ஒரு தடித்த பலகை. அதன் அடியில் ஒரு நீளமான தூண். தூணின் நுனியில், தண்ணீருக்குள், குட்டி விமான இறக்கை மாதிரி இரண்டு செட்டை. கையில் காற்றடித்து உப்பவைத்த பெரிய துணிச் சிறகு. அதைத்தான் விங் என்பது. விங்கில் காற்றுப் பிடித்ததும் பலகை ஓடும். ஓட்டம் கூடியதும் அடியில் இருக்கிற செட்டை பலகையையும் ஆளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். அதன் பிறகு சத்தமே இராது. அலை எல்லாம் காலுக்குக் கீழே எங்கேயோ தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும். அந்த அமைதிக்காகத்தான் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பகல் முழுவதும் அடுத்தவனின் கார் விபத்துக் கதையைக் கேட்டுவிட்டு, பின்னேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஓடி வருவேன்.

இதை என் கணவருக்கு நீண்ட நேரம் விளங்கப்படுத்தினேன். அவர் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் வேலை. கப்பலைத் தவிர தண்ணீரில் மிதக்கிற மற்ற எல்லாம் அவருக்கு விளையாட்டுச் சாமான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப கூடாரத்தைப் பிடிச்சுக்கொண்டு மேசைக்கு மேல நிக்கிறது" என்றுவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

எங்கள் வீடு காலி வீதிக்கு மறுபக்கம், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. முதல் நாள் பலகையைப் படியில் ஏற்றியபோது அடியிலிருந்த தூண் இரண்டாம் மாடிக்காரரின் சுவரில் சுண்ணாம்பைப் பெயர்த்துவிட்டது. அந்த வீட்டு அம்மா வெளியே வந்து சுவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். கதவைச் சாத்திவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அக்காவின் கட்டடத்தில் கீழே, வாகனம் நிறுத்துகிற இடத்தோடு, வீட்டுக்கொன்றாகச் சின்னச் சாமான் அறைகள் உண்டு. அக்காவின் அறையில் ஓடாத தையல் மெஷின் ஒன்றும் பேரப்பிள்ளையின் உடைந்த தொட்டிலும்தான் கிடந்தன. கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அக்கா ஒரு பெண்கள் பாடசாலையில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் நிபந்தனை இல்லாமல் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. அறைப் பூட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கேள் பிள்ளை. நீ கடலுக்கை விழு, எழும்பு, என்னவும் செய். ஆனா உன்னை ஆரும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. ஒருநாளைக்கு ஆராவது வள்ளம் விட்டு உன்னைக் கொண்டுவந்து கரையில போட்டாங்கள் எண்டால், அண்டைக்கே திறப்பைத் தந்திடோணும். சனம் கதைக்கும்."

சாகக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு வரக் கூடாது என்றுதான் சொன்னாள். நானும் தலையாட்டினேன். அந்தத் திறப்பு இல்லாவிட்டால் பலகையை வைக்க எனக்கு வேறு இடம் இல்லை. திறப்புப் போனால் கடலும் போச்சு.

சனம் என்று அக்கா சொல்வது யாரை என்று விளக்க வேண்டும். வெள்ளவத்தையில் எல்லா மனிதரும் சனம் அல்ல. கல்கிசையில் துவாயை விரித்துப் படுத்திருக்கிற வெள்ளைக்காரர் சனம் இல்லை. தெகிவளைக் கரையில் வலை இழுக்கிற சிங்களவர் சனம் இல்லை. சனம் என்றால் எங்கள் சனம். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மச்சான் என்று ஒரு நிமிஷத்தில் எங்களைப் பிடித்துவிடக்கூடியவர்கள். அவர்களுக்கு முன்னால் மட்டும் விழக் கூடாது. மற்றவர்களுக்கு முன்னால் உடுப்புக் கிழிந்தாலும் ஒன்றுமில்லை.

அந்தச் சனத்தின் தலைமைப் பீடம் கரையில் இருந்தது. பின்னேரங்களில் மரைன் டிரைவில் உடற்பயிற்சிக்கு வருகிற ஓய்வு பெற்ற ஆண்கள். மனதுக்குள் நான் அவர்களைக் கமிட்டி என்று கூப்பிடுவேன். வெள்ளைச் சப்பாத்து, வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய தொப்பி, கையில் அடிகளை எண்ணுகிற மணிக்கூடு. அந்த மணிக்கூடு பாவம். கொஞ்சத் தூரம் நடப்பார்கள், பிறகு ரயில் பாதையைக் கடந்து பாறையில் குந்துவார்கள், இருட்டும்வரை எழும்பமாட்டார்கள். கையில் வடைப் பார்சல். முதலில் டொலர் விலை, பிறகு கிரிக்கெட், பிறகு லண்டனில் யாரோ ஒருவரின் மகளின் விவாகரத்து, கடைசியில் நான். பலகையைத் தூக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து போகும்போது எல்லாம் காதில் விழும்.

"உதென்ன ஐசே, தலையில சட்டி?"

"உது தலைக்கவசம். விழேக்கை அடிபடாமல் இருக்க."

"விழுகிறதுக்கு இவ்வளவு சாமானே?"

அவர்களுக்குப் பதில் சொல்கிற மனுஷி நான் இல்லை. மூக்கை நிமிர்த்திக்கொண்டு போய்விடுவேன். பங்குச் சந்தை முதல் பக்கவாதம்வரை எல்லாம் தெரிந்த இந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட முழங்காலுக்கு மேலே கடலில் நனைந்தது கிடையாது. இவர்களுடைய அபிப்பிராயம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று எல்லாரிடமும் சொல்வேன். சொல்லிக்கொண்டே அவர்களுக்குப் பயந்து நடந்தேன். எப்படி என்றால் இப்படி.

கடலுக்குள் போய் வருகிறபோது இரண்டு முனையிலும் திரும்ப வேண்டும். கடல் முனையில் ஒரு திருப்பம், கரை முனையில் ஒரு திருப்பம். திரும்பும்போது விங்கைத் தலைக்கு மேலாக ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்ற வேண்டும். முன்கால் பின்னுக்கும் பின்கால் முன்னுக்கும் போக வேண்டும். நடுவில் ஒரு கணம் இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கையில் காற்றும் இராது. அந்தக் கணத்தில்தான் எல்லாரும் விழுவது. கடல் முனையில் நான் வடிவாகத் திரும்புவேன். துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கப்பலைத் தவிர அங்கே பார்க்க ஆள் இல்லை. கரை முனையில் சங்கதி வேறு. திரும்புகிறபோது முகம் நேராகக் கரையைப் பார்க்கும். பாறை, கமிட்டி, ரயில் பாதை, மாடிக் கட்டடங்கள், எட்டாம் தட்டு எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் சுற்றிக்கொண்டு வரும்.

அதனால் கரைக்கு நல்ல தூரத்திலேயே, பஸ் தரிப்பில் இறங்குகிற மாதிரி, நானாகவே இறங்கிவிடுவேன். காற்று விழுந்துவிட்டது போல ஒரு பாவனை. தண்ணீரில் கிடந்தபடி பலகையைக் கையால் திருப்பி, மறுபடி ஏறி, கடலுக்குப் போய்விடுவேன். இரண்டு வருடம் இப்படியே ஓட்டினேன். வெள்ளவத்தைக் கடலில் ஒரு பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வேறு ஆளே இல்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்கிசையில் எனக்குப் பழக்குகிறவர் ஒரு சிங்களவர். கறுப்புக் கண்ணாடியைக் குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று நினைக்கிறேன். எதற்கும் அவரிடம் ஒரே மருந்துதான். கை பிழைத்து விழுந்தாலும் சரி, கால் பிழைத்து விழுந்தாலும் சரி, "யன பெத்த பலன்ன, அக்கே" என்பார். போகிற பக்கத்தைப் பாருங்கள் அக்கா. ஒருநாள் விங்கின் கைப்பிடியே கழன்று விழுந்தேன். அதற்கும் போகிற பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பிழைப்பு நடத்துகிறான் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் கல்கிசையில், வெள்ளைக்காரருக்கு முன்னால், கரைப் பக்கமும் இடைக்கிடை திரும்பிவிடுவேன். அவர்கள்தான் சனம் இல்லையே.

வைகாசி பிறந்து தென்மேல் காற்று முழுதாகப் பிடிப்பதற்கு முன் சில கிழமைகள் வரும். அந்த நாட்களில் காற்றுக்குச் சொல் புத்தியும் இல்லை, சுய புத்தியும் இல்லை. காலையில் தரையிலிருந்து வரும். மத்தியானம் செத்துக் கிடக்கும். பின்னேரம் வடமேற்கால் வரும், நினைத்தால் தெற்கால் வரும். நடுவில் ஒரு அறை அறைந்துவிட்டு இல்லாமலே போய்விடும். திரும்பப் பழகுவதற்கு இதுதான் நல்ல காலம் என்று கறுப்புக் கண்ணாடிக்காரர் சொல்லியிருந்தார். அப்படி ஒரு பின்னேரம் இறங்கினேன்.

முதலில் வடமேற்கு. மிதமான காற்று. கடல் முனையில் திரும்பினேன், கரைக்கு வந்தேன், வழக்கம் போல இறங்கினேன், திருப்பினேன், போனேன். கமிட்டி பாறையில் இருந்தது. அக்காவின் பல்கணியில் வெளிச்சம் பட்டு ஏதோ மின்னியது. பைனாகுலர்தான். மனதுக்குள் அவளுக்கு நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னேன்.

அடுத்த முறை கரைக்கு வரும்போது காற்று சட்டென்று நின்றது. பலகை தண்ணீரில் அமிழப் பார்த்தது. நான் விங்கை இரண்டு தரம் ஆட்டிச் சமாளிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு அடி விழுந்தது. வடமேற்காக இருந்த காற்று நேர் மேற்காகிவிட்டது, அதுவும் இரட்டிப்பாக. பலகை எகிறிக்கொண்டு கரையைப் பார்த்துப் பறந்தது. வழக்கமாக இறங்குகிற இடம் எப்போது கழிந்தது என்று தெரியவில்லை. முன்னால் பாறை. இப்போது இறங்கினால், நான் மறுபடி பலகையில் ஏறுவதற்குள் காற்றும் அலையும் சேர்ந்து என்னைப் பாறையில் கொண்டுபோய்த் தேய்த்துவிடும். இனித் திரும்பத்தான் வேண்டும். அந்தத் திருப்பமோ கரையைச் சுற்றிக்கொண்டு போகிற திருப்பம். பாறையிலிருந்து தப்புவதற்குப் பாறையை நோக்கித் திரும்ப வேண்டும். என்ன அறிவாளி கண்டுபிடித்த விளையாட்டோ!

எனக்குப் பயம் வந்தது. உண்மையான பயம். சனத்துக்குப் பயப்படுகிற சொகுசுப் பயம் இல்லை.

அதே நேரம் கடலிலிருந்து மழையும் வந்து சேர்ந்தது. என்னைத் தாண்டிக்கொண்டு போய்க் கரையில் கொட்டியது. எட்டாம் தட்டு மறைந்தது. பிறகு கட்டடங்கள், ரயில் பாதை, கமிட்டி எல்லாம் மறைந்தன. பாறையின் கறுப்பு ஓரமும் அதற்குத் தெற்கே கொஞ்சம் சாம்பல் நிறக் கடலும்தான் மிச்சம். பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் அந்தச் சாம்பல் கடலைப் பார்த்தேன். உடம்பு தன் பாட்டில் சரிந்தது. விங் தலைக்கு மேலால் போனது. கால் மாறியது. மாறியது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. நுரை பாறையில் அடிக்கிற சத்தம் இடது காதிலிருந்து முதுகுக்குப் போய்விட்டது. நான் தெற்கே ஓடிக்கொண்டிருந்தேன், தண்ணீருக்கு மேலே, நின்றபடி.

தெகிவளைப் பக்கம் மணல் கண்ட இடத்தில் இறங்கி, உட்கார்ந்து, பெரிதாகச் சிரித்தேன். யாரும் இல்லை. மழைதான். அந்த அளவு சந்தோஷம் எனக்குப் பிள்ளை பெற்ற அன்றைக்கும் வரவில்லை. என் பிள்ளை இதை வாசிக்கமாட்டான், அதனால் எழுதுகிறேன்.

மழை கொஞ்சம் விட்டதும் விங்கின் காற்றைத் திறந்துவிட்டுச் சுருட்டி, பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ரயில் பாதை ஓரமாக வெள்ளவத்தைக்கு நடந்தேன். அக்காவின் தெரு ஒழுங்கை கடலில் முடிகிற இடத்தில் ஒரே ஆரவாரம். மீன்பிடிக்காரர் நாலைந்து பேர் ஒரு வள்ளத்தை அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் குழறி அழுதுகொண்டு நின்றாள். நைட்டி தொப்பலாக நனைந்திருந்தது. காலில் செருப்பு இல்லை. குடை எதிர்ப்பக்கம் மடிந்து கம்பி வெளியே தெரிந்தது. யாரடா இது என்று பார்த்தால் அக்கா. கீழே கடிதப் பெட்டியைத் திறக்கப் போவதற்குக்கூடச் சீலை உடுத்துகிற அக்கா.

வள்ளக்காரர் ஒருவர் என்னைக் கண்டு கையை நீட்டினார். "அர எனவா, நோனா!" அதோ வருகிறாள், அம்மா.

அக்கா திரும்பினாள். பார்த்தாள். அப்படியே ஈர மணலில் குந்திவிட்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு எழும்பி, நைட்டியை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டினாள்.

"திறப்பைத் தா."

"என்ன திறப்பு? நான் என்ரை காலாலை நடந்து வந்தனான்."

"வள்ளம் வந்ததோ, இல்லையோ?"

"வள்ளத்தைக் கூப்பிட்டது நீங்கள்!"

"ஆர் கூப்பிட்டால் என்ன? உந்தச் சனம் முழுக்க வள்ளம் இறக்கினதைக் கண்டிட்டுது."

"நான் விழேல்லை அக்கா. திரும்பினனான். கரைப் பக்கமாத் திரும்பினனான்."

"ஆர் பாத்தது?"

நான் பாறையைப் பார்த்தேன். ஒரு குருவி இல்லை. மழையின் முதல் துளிக்கே கமிட்டி வீதியைக் கடந்து கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தது. இப்போதுதான் ஒவ்வொருவராகத் தொப்பியைப் பிழிந்துகொண்டு வந்தார்கள், வள்ளத்தைப் பார்க்க. இரண்டு வருடமாக அந்த இடத்தைவிட்டு இவர்கள் போய்த் தொலையமாட்டார்களா என்று நேராத தெய்வமில்லை. போனது அன்றைக்குத்தான். வெள்ளவத்தையில் நான் செய்த ஒரே கரைப் பக்கத் திருப்பத்தைக் கண்ட ஒரு சீவன் கரையில் இல்லை.

திறப்பைக் கொடுத்தேன். வாங்குகிறபோது அக்கா திறப்போடு சேர்த்து என் விரலையும் இறுக்கிப் பிடித்தாள். பயத்தில்தான் பிடிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கோபம் ஒரு துளி குறையவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் இந்த முறை டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அவ பயந்திட்டா. கண்ணால பாத்தாத்தான் அவட பயம் போகும். கூட்டி வச்சுக் காட்டு" என்றார். பிறகு, "எங்கட கொட்டாஞ்சேனை எண்டா இவ்வளவுக்கு ஒழுங்கையே வந்து நிண்டு பாத்திருக்கும். நீங்க எல்லாம் ஒளிச்சு நிண்டு பாக்கிற ஆக்கள்" என்றும் சேர்த்துக்கொண்டார். கல்யாணம் கட்டிய நாள் முதல் எங்கள் குடும்பத்தைப் பற்றி அவர் வைத்திருக்கிற அபிப்பிராயம் இது. அதில் பிழை பிடிக்க எனக்கு இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். உங்கள் கண்ணுக்கு முன்னால் திரும்பிக் காட்டுகிறேன், திறப்பைத் தாருங்கள் என்றேன்.

"எனக்கு மட்டும் காட்டி என்ன? வள்ளம் இறக்கினதைக் கண்ட சனம் எல்லாம் பாக்கோணும். அப்பதான் கதை நிக்கும்."

நான் ஃபோனை வைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் கமிட்டிக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர்களைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"நாளைக்குப் பின்னேரம் நான் திரும்புறதைக் கொஞ்சம் இருந்து பாப்பீங்களோ?"

வடை பாதி வாயில் இருந்தவர் அதை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். "நாங்கள் ஒவ்வொரு நாளும் பாக்கிறனாங்கள்தானே, பிள்ளை."

"நாளைக்கு என்ன விசேஷம்?" என்றார், என் தலைக்கவசத்தைச் சட்டி என்ற அதே தொப்பிக்காரர். "விழாமல் காட்டப் போறீரோ?"

அவருடைய முழங்காலில் ஒன்று போட வேண்டும் போல இருந்தது. "ஓம்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த நாள் கமிட்டி நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது, மனைவிமாரையும் கூட்டிக்கொண்டு. அக்கா நல்ல சீலை உடுத்து வந்து, சாமான் அறையைத் தானே திறந்து, நான் பலகையை எடுக்கும்வரை சிறைக் காவலாளி போல நின்று, தானே பூட்டினாள். பிறகு பத்திரிகையை மடித்துப் பாறையில் போட்டு அதன்மேல் இருந்தாள். எல்லாம் சரி, காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றிய தட்டு மாதிரிக் கிடந்தது. நான் பலகையில் குந்தியிருந்தேன், அவர்கள் பாறையில் குந்தியிருந்தார்கள். இருட்டும்வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அதற்கடுத்த நாள் காற்றுத் தரையிலிருந்து வந்தது. இறங்கியிருந்தால் மாலைதீவுக்குப் போயிருப்பேன். பிறகு ஒருநாள் மழை. பிறகு மறுபடி எண்ணெய்க் கடல். மனைவிமார் வருவதை நிறுத்திவிட்டார்கள். கமிட்டி நிறுத்தவில்லை. அவர்களுக்கு வேறு வேலை ஏது? அக்காவும் நிறுத்தவில்லை. எட்டாம் தட்டிலிருந்து பல வருடங்களாக வேடிக்கை பார்த்தவள் இப்போது வேடிக்கைக்குள்ளேயே வந்து இருந்துகொண்டு, காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று தொப்பிக்காரரோடு வாதாடத் தொடங்கிவிட்டாள். இருவருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. தெரியாதது வாதத்துக்குத் தடையாக இருக்கவில்லை.

சனிக்கிழமை காற்று வந்தது. தெற்கே சாய்ந்த காற்று, அடித்தும் விட்டும், நம்ப முடியாத காற்று. போய்க் கடல் முனையில் திரும்பிக் கரைக்கு வந்தேன். வழக்கமாக இறங்குகிற இடம் கடந்தது. பாறை வந்தது. அக்காவின் சீலை சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். கால் மாறவே இல்லை. முகம் அடிபட விழுந்தேன். விங் என் தலைமேல் கவிழ்ந்தது.

சிரித்தார்கள். நன்றாக, வயிறு குலுங்க, கூச்சமில்லாமல் சிரித்தார்கள். விங்குக்குக் கீழே இருட்டுக்குள் கிடந்தபடி கேட்டேன். இரண்டு வருடம் எதற்குப் பயந்தேனோ அது இதுதான். தலையை வெளியே எடுத்தேன். ஆகாயம் இருந்த இடத்தில் இருந்தது. ஒருவர் வடைப் பார்சலைப் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவமானம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. இந்தச் சிரிப்புக்கா? இவ்வளவுதானா உங்களால் முடிந்தது?

பாறை கிட்ட வருவதற்குள் ஏறிவிட்டேன். போனேன். வந்தேன். மறுபடி விழுந்தேன். இந்த முறை சிரிப்புக் குறைவு. அடுத்த முறை விழுந்து எழும்பிப் பார்த்தால் தொப்பிக்காரர் ஃபோனில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தன் மணிக்கூட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் சுட்டது. நான் இங்கே உயிரைக் கொடுத்து விழுகிறேன், இவர்களுக்குப் பார்க்கப் பொழுதில்லை! அக்கா ஒருத்திதான் கண்ணை எடுக்காமல் இருந்தாள். இரண்டு கையாலும் கைப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். திறப்பு அதற்குள்தான் இருந்தது.

நீங்கள் பார்த்தால் பாருங்கள், பார்க்காவிட்டால் போங்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். சிவப்புச் சீலை, பாறை, எட்டாம் தட்டு எல்லாம் கண்ணுக்கு முன்னால் சுற்றிக்கொண்டு வந்தன. வந்தவற்றை வந்த வழியே விட்டேன். அவற்றைத் தாண்டித் தெரிந்த கடலைப் பார்த்தேன். நடுத் திருப்பத்தில் காற்று விட்டுப்போனது. பலகை கீழே இறங்கி வயிறு தண்ணீரில் தொட்டது. விங்கை ஒரு இழுப்பு இழுத்தேன். செட்டை பிடித்தது, எழும்பியது. கால் எப்போதோ மாறியிருந்தது. முதுகு கரைக்கு, முகம் கடலுக்கு.

பின்னால் கை தட்டுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே, காலைக் கூட்டத்தில் ஆயிரம் பிள்ளைகளை வாய் மூடவைத்த குரலில், அக்கா கத்தினாள்:

"இன்னொருக்கா!"

இன்னொருக்காத் திரும்பினேன். இருட்டுகிறவரை திரும்பினேன். கரைக்கு வந்தபோது அக்கா கைப்பையைத் திறந்து திறப்பை எடுத்தாள். உடனே தரவில்லை. கொஞ்ச நேரம் கையில் பொத்தி வைத்திருந்தாள்.

"அண்டைக்கு மழைக்கை உன்ரை சிறகு காணாமல் போச்சுது" என்றாள். "நான் எட்டு மாடியும் படியால ஓடி இறங்கினனான், தெரியுமே? லிஃப்டுக்கு நிக்கேல்லை."

நான் ஏதும் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் திறப்பை என் ஈரக் கையில் வைத்துவிட்டாள்.

"பின்கால் இன்னும் சரியா வரேல்லை. அதைப் பார்" என்றாள்.

கமிட்டி மறுபடி கை தட்டியது. தொப்பிக்காரர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டினார். "பிள்ளை, நாளைக்கும் உண்டோ?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பல் தெரிய இளித்துக்கொண்டு நின்றேன். என்னை அப்படி இளிக்க வைத்ததற்காக மட்டும் அந்தக் கூட்டத்தை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.